ரெண்டு வயரும் ஒரே பக்கம்

ஆமாங்க, கம்ப்யூட்டர் வேலைதான். பையில டெஸ்டரைப் பார்த்துட்டு எலக்ட்ரீசியனான்னு கேட்டீங்க பாருங்க, இல்லீங்க. எலக்ட்ரீசியன் வேற ஒருத்தரு. பேரு நாச்சிமுத்து. அவருக்கு நான் செஞ்சது ஒண்ணு இருக்குது. சொல்லட்டுங்களா? ஈரோடு போறதுக்குள்ள முடிச்சர்றேன். கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சுக்குங்க, சத்தமாச் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரி சமாச்சாரம், அதனால மொதல்லயே சொல்லிடறேன். யாரும் சாகலைங்க. பேரு வேண்டாம், ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரி. பெருசும் இல்லை, சின்னதும் இல்லை. அங்க புதுசா சர்வர் வாங்குனாங்க. மாட்டிக் குடுக்கற வேலை எங்க கம்பெனிக்கு. எங்க கம்பெனின்னா நான்தான் போவேன்.

சர்வர்னா வேற ஒண்ணுமில்லீங்க, பெரிய கம்ப்யூட்டரு. சீட்டுப் போடற எடம், ரத்தம் பார்க்கற எடம், மருந்துக்கடை, வார்டு, அங்கங்க இருக்கற சின்னக் கம்ப்யூட்டரெல்லாம் இதுகிட்டத்தான் கேட்டுக் கேட்டு வேலை செய்யும். இது நின்னா அத்தனையும் நின்னுரும். அதனால இதுக்கு மட்டும் கரண்ட்டு வர்றதுக்கு ரெண்டு வாய் வெச்சிருப்பான். ரெண்டு வயரு. ஒண்ணை ஒண்ணாம் நெம்பர் யூபிஎஸ்ஸுல குடுக்கோணும், இன்னொண்ணை ரெண்டாம் நெம்பர்ல குடுக்கோணும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கிக்கும். நெட்வொர்க் வயரும் அப்படித்தான், ரெண்டு, ரெண்டு பக்கம் போகோணும்.

தை மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. நெட்வொர்க் வயரு ரெண்டையும் எப்படி மாட்டுனேன் தெரியுங்களா? மஞ்சள் சீட்டு ஒட்டி, நெம்பர் எழுதி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம சீப்பு வெச்சு வாருன மாதிரி கட்டி விட்டேன். இன்னிக்கும் போய்ப் பார்க்கலாம். என்ற கை வேலை அப்படி. யாரையும் கேட்டுப் பாருங்க.

கரண்ட்டு வயரு மாட்டப் போனா, ஒரு வயரு எட்டலை. ரெண்டாம் நெம்பர் பிளக் வரிசை அந்தக் கோடியில இருக்குது, டப்பாவுல வந்த வயரு பாதிதான் வருது. நீளமான வயரு கடையில வாங்கோணும். மணி நாலு. மறுநாள் கொடுமுடியில என்ற மகளுக்குக் காதுகுத்து. மாமன் வீட்டு ஆளுக வந்து எறங்கியாச்சு, என்ற சம்சாரம் போன் மேல போன். நான் என்ன செஞ்சேன், ரெண்டு வயரையும் ஒண்ணாம் நெம்பர்லயே மாட்டி விட்டேன். ரெண்டு பச்சை லைட்டும் எரிஞ்சுது. திங்கக்கிழமை நீள வயரு கொண்டாந்து மாத்திக்கலாம்னு.

புரியுதுங்களா? மாட்டுக்கு ரெண்டு கயிறு கட்டிட்டு, ரெண்டையும் ஒரே முளைக்குச்சியில கட்டுன மாதிரி. குச்சி புடுங்கிட்டா ரெண்டு கயிறு இருந்து என்ன பிரயோசனம்.

வயரு வாங்குனனுங்க. வாங்கலைன்னு நெனைச்சுறாதீங்க. அந்த வாரமே வாங்கி பைக் டப்பாவுல போட்டேன். அங்கயே கெடந்துது. மாசி போச்சு, பங்குனி போச்சு, சித்திரை போச்சு. அந்த ஆஸ்பத்திரிக்கே நாலு தடவை வேற வேலையாப் போனேன். ஒவ்வொரு தடவையும் ஒரு அவசரம். அப்பறம் அது ஞாபகத்துலயே இல்லை. இருந்துச்சா இல்லையான்னா, நெசமாச் சொன்னா, பைக் டப்பாவைத் தொறக்கும்போது இருக்கும், மூடுனாப் போயிரும்.

நாச்சிமுத்தண்ணன் அங்க பதினோரு வருஷமா எலக்ட்ரீசியன். அம்பது வயசுக்கு மேல. அவரு மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. ஒரு சுவிட்சை நிறுத்தறதுன்னாலும் மொதல்ல சீட்டுல எழுதுவாரு, அப்பறம் சம்பந்தப்பட்டவங்களைக் கேப்பாரு, அப்பறம்தான் கையை வெப்பாரு. எனக்கு அது எரிச்சலா இருக்கும். ஒரு நிமிச வேலைக்கு அரை மணி நேரம் பண்றாரேன்னு.

வைகாசியில ஒண்ணாம் நெம்பர் யூபிஎஸ்ஸுக்கு பேட்டரி மாத்தோணும்னு ஆச்சு. மொத நாள் எனக்குப் போன் பண்ணாரு. நான் பைக்குல போயிட்டிருக்கேன்.

"தம்பி, நாளைக்குப் பதினொரு மணிக்கு ஒண்ணாம் நெம்பரை நிறுத்தறனுங்க. சர்வருக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

"ஒண்ணும் ஆகாதுங்கண்ணா. அதுக்கு ரெண்டு லைன் இருக்குது."

"நெசமாத்தானுங்களா? எதுக்கும் ஒருக்கா வந்து பார்த்துட்டுப் போறீங்களா?"

"வேண்டியதில்லீங்கண்ணா. நீங்க நிறுத்துங்க."

பைக்குலயே போயிட்டிருந்தேன். வயரு பின்னாடி டப்பாவுல இருக்குது. அப்பக்கூட எனக்கு ஞாபகம் வரலை. இதை மட்டும் நீங்க நம்போணும்.

மறுநாள் பதினொண்ணே கால் இருக்கும், போன் வருது. "தம்பி, எல்லாம் நின்னு போச்சுங்க." அவரு கொரலு அப்படி நான் கேட்டதே இல்லை. பயந்துபோயி ஒண்ணாம் நெம்பரை உடனே போட்டுட்டாரு, ஆனா சர்வரு எந்திரிக்கலை. பாதி எழுதிட்டு இருக்கும்போது பேனாவைப் புடுங்குனா எப்படி, அந்த மாதிரி உள்ள இருந்த கணக்கு வழக்கெல்லாம் கொழம்பிக் கெடந்துது.

நான் போய்ச் சேர்ந்தப்ப வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. சீட்டு போட முடியலை. ரத்தம் குடுத்தவங்களுக்கு ரிசல்ட்டு வரலை. ஆபரேசனுக்குப் படுக்க வெச்ச ஒருத்தரைத் திருப்பி வார்டுக்குத் தள்ளிட்டு வர்றாங்க, அவரு சம்சாரம் கூடவே ஓடி வருது. நான் யாரையும் பார்க்காம நேரா சர்வர் ரூமுக்குப் போனேன். கதவைச் சாத்துனேன். பின்னாடி குனிஞ்சு பார்த்தேன்.

ரெண்டு வயரும் ஒரே பக்கம்.

அப்பறம் வண்டிக்குப் போயி டப்பாவைத் தொறந்து அந்த நீள வயரை எடுத்து, சட்டைக்குள்ள விட்டுக்கிட்டு வந்தேன். சட்டைக்குள்ள எதுக்கு விட்டேன்னு கேளுங்க. கையிலயே கொண்டு வந்திருக்கலாம். நான் கம்ப்யூட்டர்க்காரன், வயரோட போனா யாரு என்ன கேக்கப் போறாங்க. ஆனா சட்டைக்குள்ள விட்டுக்கிட்டுத்தான் வந்தேன். ஒண்ணைக் கழட்டி ரெண்டாம் நெம்பர்ல மாட்டுனேன். தைல செஞ்சிருக்க வேண்டிய வேலைதான். சரியான வேலை. நேரம்தான் தப்பு.

அப்பறம் உக்காந்து சர்வரைச் சரி பண்ணேன். மத்தியானம் மூணு மணிக்கு ஓட ஆரம்பிச்சுது. காலையில பார்த்த ரத்த ரிசல்ட்டு மட்டும் போச்சு. நாப்பது பேருக்கு மறுபடி ஊசி குத்துனாங்க. ஒரு கொழந்தை அழுதது ரூம் வரைக்கும் கேட்டுது. மேனேஜர் அவரே காப்பி கொண்டாந்து குடுத்தாரு, "பூபதி, நீ இல்லைன்னா இன்னிக்கு நாங்க என்ன ஆயிருப்போம்"னு. குடிச்சேன்.

சாயங்காலம் விசாரணை. மேனேஜர், நானு, நாச்சிமுத்தண்ணன். மூணே பேரு. மேனேஜர் என்னையக் கேட்டாரு.

"சர்வருக்கு ரெண்டு லைன் இருக்குதா இல்லையா?"

"இருக்குதுங்க சார்."

"சரியா மாட்டியிருக்குதா?"

"மாட்டியிருக்குதுங்க சார். வந்து பாருங்க."

வந்து பார்த்தாரு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நான் பொய் சொல்லலை பாருங்க. இருக்குதான்னு கேட்டாரு. இருந்துச்சான்னு கேக்கலை.

"அப்ப ஒண்ணை நிறுத்துனா சர்வர் எப்படிய்யா நிக்கும்?"ன்னு அண்ணனைப் பார்த்துக் கேட்டாரு.

"நான் ஒண்ணாம் நெம்பரைத்தானுங்க நிறுத்துனேன். சீட்டுல எழுதி வெச்சுத்தான் நிறுத்துனேன். தம்பியையும் கேட்டனுங்க."

மேனேஜர் என்ற பக்கம் திரும்புனாரு. நான் சொன்னேன், "கேட்டாருங்க. ஒண்ணாம் நெம்பரை நிறுத்தலாம்னு சொன்னேன்." அதுவும் நெசம்தானுங்களே.

ரெண்டு யூபிஎஸ்ஸோட சுவிட்சும் பக்கத்துப் பக்கத்துல இருக்குது. பேட்டரிக்காரன் அந்த நேரத்துக்கு வேன்ல இருந்து பேட்டரி எறக்கப் போயிருந்தான். பார்த்த ஆளு இல்லை. தெரியாம ரெண்டையும் நிறுத்திட்டாருன்னு மேனேஜர் முடிவு பண்ணிட்டாரு. யூபிஎஸ்ஸுக்குள்ள எது எப்ப நின்னுச்சுன்னு பதிவாகியிருக்குமுங்க. எடுத்துப் பார்த்திருந்தா ரெண்டாம் நெம்பரு நிக்கவே இல்லைன்னு ஒரு நிமிசத்துல தெரிஞ்சிருக்கும். மேனேஜருக்கு அது தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. தெரிஞ்சவன் நான் ஒருத்தன்.

வண்டி நிறுத்தற எடத்துல அண்ணன் எனக்காக நின்னுட்டிருந்தாரு. என்ற கையைப் புடிச்சுக்கிட்டாரு.

"தம்பி, நான் ரெண்டையும் நிறுத்தியிருப்பனுங்களா? எனக்கு ஒண்ணை நிறுத்துன ஞாபகம்தான் இருக்குது. ஆனா எல்லாம் நின்னு போச்சே. ரெண்டையும் நிறுத்தாம எப்படி நிக்கும்?"

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "அவசரத்துல யாருக்கும் வர்றதுதானுங்கண்ணா, விடுங்க"ன்னேன். ஆறுதலாத்தான் சொன்னேன். அவரு மொகத்தைப் பார்த்தா வேற என்ன சொல்றது.

ரெண்டு நாள் கழிச்சு, தவறுதலா ரெண்டையும் நிறுத்திட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வேலையை விட்டுப் போயிட்டாரு. யாரும் அடிச்சு எழுதி வாங்கலை. அவரே எழுதுனாரு. அவருக்கே அப்படித்தான்னு ஆயிப்போச்சு.

நான் சும்மா இருக்கலீங்க. காங்கயத்துப் பக்கம் தேங்காய் காயப் போடற களம் வெச்சிருக்கற ஒருத்தரு எனக்குப் பழக்கம். அவருகிட்டச் சொல்லி அண்ணனை வாட்ச்மேனாச் சேர்த்துவிட்டேன். எலக்ட்ரீசியனாவே சேர்த்திருக்கலாம், அங்க மோட்டார் வேலை நெறைய இருக்குது. அண்ணன்தான் வேண்டாம்னுட்டாரு. "கை போக மாட்டேங்குதுங்க தம்பி"ன்னாரு. நான் அதைப் பெருசா எடுத்துக்கலை.

அரச்சலூருக்கு உள்ள தள்ளி அவரு வீடு. ஒரு நாள் அவரு சம்சாரம் துளசிமணியக்கா போன் பண்ணுச்சு. வீட்டுல பீஸ் போயிருச்சு, வந்து போட்டுக் குடுக்க முடியுமான்னு. எனக்குப் புரியலை. எலக்ட்ரீசியன் வீட்டுல பீஸ் போட என்னையக் கூப்பிடறாங்க. போனேன். அண்ணன் வாசல்ல நிக்கறாரு, மீட்டர் பெட்டிகிட்ட வரவே இல்லை. நான் போட்டுக் குடுத்தேன். அக்கா காப்பி குடுத்துச்சு.

அதுல இருந்து எது போனாலும் என்னையத்தான் கூப்பிடுவாங்க. டியூப்லைட்டு, மிக்சி, மோட்டாரு. ஒண்ணரை வருஷம். எங்க வேலை இருந்தாலும் விட்டுட்டு வந்துருவேன். ஈரோட்டுல இருந்து அரச்சலூருக்கு, ஒரு பல்பு மாட்ட. வந்தா சோறு போடாம விடாது அக்கா. பக்கத்து வீட்டுல எல்லாம் சொல்லும், "கூடப் பொறந்தவன்கூட இப்படி வர மாட்டான்"னு. நானும் திம்பேன். நல்லாச் சமைக்குமுங்க.

இன்னிக்குக் காலையில ஃபேன் சுத்தலைன்னு போன். பைக்கு சர்வீஸுக்கு விட்டிருக்கறதால பஸ்சுல போனேன். ஸ்டூல் மேல ஏறி, "அண்ணா, சுவிட்சை நிறுத்தியாச்சுங்களா?"ன்னு கேட்டேன்.

"நிறுத்திட்டனுங்க"ன்னாரு.

நான் ஃபேன்ல கையை வெக்கப் போறேன். "இருங்க தம்பி, இருங்க"ங்கறாரு. மறுபடி சுவிட்சைப் பார்க்கறாரு. போட்டு நிறுத்தறாரு. தள்ளி நின்னு பார்க்கறாரு. அப்பறம் சமையக்கட்டுப் பக்கம் திரும்பி, "துளசி, இங்க வா. நான் நிறுத்துனது ஃபேன் சுவிட்சுதான்னு பார்த்துச் சொல்லு"ன்னாரு. அக்கா ஈரக் கையோட வந்து பார்த்து, "அதேதான், ஒண்ணுதான் நிறுத்தியிருக்கீங்க"ன்னு சொல்லிட்டுப் போகுது. தினம் சொல்ற மாதிரி. சலிப்பு இல்லை, கோவம் இல்லை. உப்பு பார்த்துச் சொல்ற மாதிரி சொல்லுது.

அந்த ஒண்ணரை வருஷமும் அந்த வீட்டுல இது நடந்துட்டு இருந்திருக்குது. நான் வந்து பல்பு மாட்டிட்டு, சோறு தின்னுட்டுப் போயிருக்கேன்.

ஸ்டூல் மேல நின்னுட்டே சொல்லிட்டனுங்க. எறங்கிச் சொல்லோணும்னுகூடத் தோணலை. "அண்ணா, நீங்க ஒண்ணைத்தான் நிறுத்துனீங்க. ஆஸ்பத்திரியில. ரெண்டு வயரையும் நான் ஒரே பக்கம் மாட்டியிருந்தேன். அன்னிக்கு வந்து மாத்தி வெச்சதும் நான்தான்."

சமையக்கட்டுல தண்ணி விழற சத்தம் நின்னுச்சு.

அண்ணன் என்னைய அண்ணாந்து பார்த்துட்டு இருந்தாரு. "ஒண்ணுதானுங்களா?"

"ஒண்ணுதானுங்க."

"ஒண்ணாம் நெம்பரு?"

"ஆமாங்க."

"வண்டி நிறுத்தற எடத்துல உங்களைக் கேட்டனே."

ஒரு அறை வெச்சிருந்தா வாங்கிட்டிருப்பேன். திட்டுவாருன்னு பார்த்தேன். அவரு, "கீழ எறங்குங்க"ன்னாரு. அவ்வளவுதான். என்ற கையில இருந்த டெஸ்டரை வாங்குனாரு, ஸ்டூல்ல ஏறுனாரு. ஃபேன் மூடியைக் கழட்டி கண்டென்சரை எடுத்துப் பார்த்துட்டு, எறங்கி, பரண்ல ஒரு பழைய டப்பாவைத் தேடி வேற ஒண்ணை எடுத்து மாட்டுனாரு. பத்து நிமிசம் ஆகியிருக்காது. கை ஒரு எடத்துலகூடத் தடுமாறலை. சுவிட்சை அவரே போட்டாரு. யாரையும் கூப்பிட்டுக் கேக்கலை. ஃபேன் சுத்துச்சு.

அக்கா வாசப்படியில நின்னு பார்த்துட்டு இருந்துச்சு. அழுகுதோன்னு பார்த்தேன், அழுகலை. என்னையப் பார்த்து ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. "எங்கூட்டுச் சோறு உங்களுக்கு எறங்குச்சுங்களா?"

எறங்குச்சு. அதுதானுங்க நெசம். மொத ரெண்டு தடவைதான் கஷ்டமா இருந்துச்சு.

அண்ணன் ஒரு நோட்டுல இருந்து தாளைக் கிழிச்சு முன்னால வெச்சாரு. "அங்க நான் எழுதிக் குடுத்தது இருக்குது. நீங்களும் எழுதுங்க."

எழுதுனேன். ஆஸ்பத்திரி பேரு, தேதி, நான் இன்னாரு, எல்லாம் எழுதி, "என் கவனக்குறைவால் இந்தத் தவறு நேர்ந்தது"ன்னு முடிச்சேன். கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிச்சாரு. ரெண்டு தடவை படிச்சாரு. அந்த எடத்துல வெரலை வெச்சாரு.

"தையில மாட்டுனது கவனக்குறைவு. வைகாசியில கழட்டி மாட்டுனீங்களே, அது கவனக்குறைவுங்களா?"

"இல்லீங்க."

"அதுக்கு என்ன வார்த்தையோ அதைப் போடுங்க."

வார்த்தை கெடைக்கலைங்க. கடைசியில இப்படி எழுதுனேன்: "மாத்தி வெச்சது நான். தெரிஞ்சே வெச்சேன். நாச்சிமுத்து மேல பழி வரும்னு தெரிஞ்சும் சொல்லலை." எழுதும்போது கையெழுத்தே வேற யாரோடதோ மாதிரி வந்துச்சு. அவரு அதைப் படிச்சு, மடிச்சாரு.

நான் சொன்னேன், "திங்கக்கிழமை நானே கொண்டு போய்க் குடுத்தர்றனுங்கண்ணா"ன்னு. நெசமாத்தான் சொன்னேன். இன்னிக்கு சனிக்கிழமை, மேனேஜரு அஞ்சு மணிக்குக் கெளம்பிருவாரு. என்ற கம்பெனியில மொதல்ல ஒரு வார்த்தை சொல்லோணும், சம்சாரத்துகிட்டச் சொல்லோணும். ஒரு நாள் முன்னப் பின்ன ஆனா என்னங்க? நியாயம்தானுங்களே?

நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. சரி விடுங்க.

அவரு ஒத்துக்கலை. கடுதாசி என்கிட்ட இல்லீங்க. அதா, முன்னாடி மூணாவது சீட்டுல ஜன்னலோரம், வெள்ளைச் சட்டை, தலையில பாதி நரை. அவருதான். கடுதாசி அவரு பாக்கெட்டுல இருக்குது. அரச்சலூர் ஸ்டாப்புல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நின்னோம். பஸ்சு வந்ததும் அவரு போய் அங்க உக்காந்துக்கிட்டாரு. பக்கத்துல எடம் இருந்துச்சு. உக்காரச் சொல்லலை. நானும் இங்க வந்து உக்காந்தேன். டிக்கெட்டு அவருக்கும் சேர்த்து எடுக்கலாம்னு நெனைச்சு ரெண்டுன்னு சொன்னேன், கண்டக்டரு, "அவரு அவருக்கு எடுத்துட்டாருங்க, உங்களுக்கு ஒண்ணுதான்"னுட்டாரு.

அடுத்த ஸ்டாப்புதானுங்க ஆஸ்பத்திரி. அதுக்கும் அடுத்தது என்ற வீடு.

பாருங்க, எந்திரிச்சுட்டாரு. கம்பியைப் புடிச்சு நிக்கறாரு. பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கறாரு. பின்னால திரும்பிப் பார்க்கறாருங்களா? இல்லை. நான் வர்றனா இல்லையான்னு அவரு பார்க்கலை. நான் வந்தாலும் வராட்டியும் அவரு போறாரு.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்குங்க. எறங்கோணும்.